ஒரு தடி, ஒரு ஏணி, முறுக்கிக்கிட்ட ஆறு பலகை

செயின்சா வெச்சு பெரிய தடிய மேஜைப் பலகையா அறுத்த கதைய எழுதுறேன் எழுதுறேன்னு ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துட்டேன். பாதி சோம்பேறித்தனம், மீதி பாதி அதுல நான் பண்ணின ஒரு தப்பு. அந்தத் தப்பு என்னன்னு எனக்கே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் பழிய முழுக்க மரத்து மேல போட்டுட்டு நிம்மதியா இருந்தேன்.

மரம் தூங்குமூஞ்சி. காத்துல வேரோட சாஞ்சது. அடிமரம் மட்டும் 8 அடி நீளம், தூர்ப்பக்கம் 30 இன்ச் விட்டம், மேல்பக்கம் 26. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 1 கன மீட்டர் வருது, பச்சை மரம்னா ஒரு டன்னுக்குப் பக்கத்துல நிக்கும். இத ரம்ப மில்லுக்குக் கொண்டு போகணும்னா கிரேன் வேணும் லாரி வேணும், அப்படியே கொண்டு போனாலும் நாடா மாதிரி ரம்பம் ஓடற சின்ன பேண்ட்சா மில்லுல நிறைய இவ்ளோ அகலத்த உள்ளயே விடாது. செயின்சா மில்லோட ஒரே பெரிய நன்மை இதுதான், தடி மெஷினத் தேடிப் போக வேண்டாம், மெஷின் தடி கெடக்குற இடத்துக்கு வரும். மத்த எல்லாத்துலயும் அது மோசமான ரம்பம்ங்கறத முதல்லயே சொல்லிடறேன். மெதுவா அறுக்கும், பெட்ரோலக் குடிக்கும், முதுகு போகும், மரமும் போகும்.

மரம் போகும்னா எப்படின்னு கேட்டா, செயின் ஒரு தடவ போனா 9, 10 எம்எம் மரம் தூளாகுது. பேண்ட்சான்னா 2, 3 எம்எம்மோட முடிஞ்சிடும். நான் ஆறு பலகைக்கு ஏழு வெட்டு போட்டேன், கூட்டிப் பாத்தா ஆறரை செமீக்கு மேல, அதாவது ஏழாவது பலகை ஒண்ணு கிட்டத்தட்ட முழுசா கால் கீழ தூளா கெடந்துச்சு. அத மூட்டை கட்டும்போது நெஜமாவே வயிறு எரிஞ்சுது.

மில்லுன்னா பெரிய மெஷின்னு நெனைக்காதீங்க. அலாஸ்கன் மில்னு பேரு, ஒரு சட்டம், அவ்ளோதான். செயின்சாவோட பார்ல, அதாவது செயின் சுத்தி ஓடற நீளமான தகட்டுல, ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு மாட்டிக்கணும். சட்டத்துக்கும் பாருக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி வெக்கறோமோ அதுதான் பலகையோட கனம். சட்டம் மேல இருக்குற தட்டையான பரப்புல வழுக்கிட்டுப் போகும், பார் அதுக்குக் கீழ அதே ஆழத்துல அறுத்துட்டே வரும். அதுக்கு நேர் எது கோணல் எதுன்னு தெரியாது, மேல என்ன இருக்கோ அத அப்படியே கீழ காப்பி அடிக்கும். இந்த வாக்கியத்த நான் அப்பவே சுவத்துல எழுதி வெச்சிருந்தா இந்தப் பதிவுக்கே வேல இருந்திருக்காது.

சா பெருசா இருக்கணும். 60 சிசி சா சின்னக் கட்டைக்கு ஓடும், 30 இன்ச் கட்டைக்கு 90 சிசியாவது வேணும். ஸ்டில் எம்எஸ் 661 வந்து 91 சிசி, எம்எஸ் 880 கிட்டத்தட்ட 122, ஹஸ்க்வர்னா 3120 ஒரு 119, அகலமான பலகை அறுக்கறவங்க கையில இந்த ரகம்தான் இருக்கும். என்னோடது 90 ரகம், 36 இன்ச் பார். இதுல ஒரு ஏமாத்து வேல இருக்கு, 36 இன்ச்னு வாங்குவீங்க, ஆனா மில்லோட கிளாம்ப் ரெண்டு பக்கமும் இடத்தப் புடிச்சுக்கிட்டா நெஜமா அறுக்கக் கெடைக்கறது 31 இன்ச் கிட்டதான். தூர்ப்பக்கம் 30 இன்ச் தடிய உள்ள விட நான் பட்டையச் செதுக்கி எடுக்க வேண்டியதாப் போச்சு. பட்டைய எப்படியும் எடுக்கறது நல்லது, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குற மண்ணும் பொடிக்கல்லும் ஒரு நிமிஷத்துல செயின மொன்னையாக்கிடும்.

ஏன் இவ்ளோ பெரிய இன்ஜின் வேணும்னு ஆரம்பத்துல எனக்குப் புரியல, அதே சா அதே தடிய குறுக்க துண்டு போடும்போது வெண்ணெய் மாதிரி போகுதேன்னு தோணுச்சு. மரத்த ஒரு பெரிய வைக்கோல் கட்டா நெனச்சுக்கங்க. குறுக்க அறுத்தா ஒவ்வொரு தாளும் நடுவுல அறுபடும், அது ஒரு வேல. பார நாருக்கு இணையா வெச்சு பக்கத்துல இருந்து அறுத்தா நீள நீளமா நூடுல்ஸ் மாதிரி உரிஞ்சு வரும், அதுதான் இருக்கறதுலயே சுலபம். மில்லுல நடக்குறது மூணாவது ரகம், செயின் கட்டோட தலைப்புல மோதிக்கிட்டே முன்னேறணும், ஒவ்வொரு தாளோட நுனியையும் சுரண்டி எடுக்கணும். அதான் இன்ஜின் அப்படி முக்குது. அதனால செயினும் வேற. சாதாரண செயின்ல பல்லு 30 டிகிரில சாய்ச்சுத் தீட்டியிருக்கும், நீளவாக்குல அறுக்க 10 டிகிரின்னு கிட்டத்தட்ட நேரா தீட்டணும், வேகத்துல பெரிய வித்தியாசம் தெரியலன்னாலும் பலகையோட மொகம் வழுவழுன்னு வரும், பின்னாடி இழைக்கற வேல கொறையும்.

ஒரு வெட்டு 20 நிமிஷம், இன்ஜின் அந்த 20 நிமிஷமும் முழு த்ராட்டில்ல. குறுக்க அறுக்கும்போது ஒரு நிமிஷம் ஓடி ஒரு நிமிஷம் மூச்சு விடும், இங்க அது கெடையாது. அதனால கார்புரேட்டர கொஞ்சம் பெட்ரோல் அதிகமா போற மாதிரி திருப்பி வெக்கணும், பார் நுனில தனியா ஒரு ஆயில் டப்பா மாட்டி சொட்டு சொட்டா விடணும், வெட்டு முடிஞ்ச உடனே ஆஃப் பண்ணாம ஒரு நிமிஷம் ஐடில்ல ஓட விட்டு ஆற விடணும். காதுக்கு மஃப் இல்லாம இதுல எறங்கவே கூடாது, 110 டெசிபல் கிட்டப் போகும். மூக்குக்கும் நல்ல மாஸ்க் வேணும், மரத்தூள் புற்றுநோய் வரவைக்கற பொருள் பட்டியல்ல முதல் வகுப்புல இருக்குன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் துண்ட மூக்குல கட்டிக்கிட்டு அறுக்கறத விட்டுட்டேன். புகை வேற, குனிஞ்சு நிக்கும்போது சைலன்சர் மொகத்துக்கு நேரா இருக்கும், மாஸ்க் அதத் தடுக்காது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நிக்கணும்.

சரி, முதல் வெட்டு. தடி உருண்டை, மேல தட்டையான பரப்பே இல்ல, சட்டம் எது மேல வழுக்கும்? அதுக்குத்தான் ஏணி. அலுமினிய ஏணிய தடி மேல படுக்க வெச்சு ஸ்க்ரூ அடிச்சு, அது மேல மில்ல ஓட்டி முதல் தோல உரிக்கணும். ஏணி தடிய விட ரெண்டு பக்கமும் ஒரு அடி நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லன்னா உள்ள நுழையும்போதும் வெளிய வரும்போதும் மில் தலை தொங்கிடும். நடுவுல ஏணி தொய்யாம இருக்க ஆப்பு சொருகணும். இதெல்லாம் பண்ணினேன். தடியோட ரெண்டு தலைப்புலயும் குறுக்க ஒரு பலகைத் துண்டு ஸ்க்ரூ போட்டு அது மேல ஏணிய உக்கார வெச்சேன். இந்தப் பக்கத் துண்டுக்கு ரசமட்டம் வெச்சு, குமிழி நட்ட நடுவுல வர்ற வரைக்கும் மூணு தடவ கழட்டி மாட்டினேன். அந்தப் பக்கம் முள்ளுப்புதர், ரசமட்டத்த எடுத்துக்கிட்டு யாரு சுத்திப் போறதுன்னு இங்கேர்ந்தே ஒரு கண்ண மூடிப் பாத்து "சரியாத்தான் இருக்கு, அடி"ன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்.

தம்பி கேட்டான், "மட்டம் வெக்கலையாண்ணே?"

"ஏணி நேரா இருக்குடா, அது எப்படி கோணலாகும்?"

ஆகும். இந்த முனை மட்டமா இருந்து அந்த முனை ஒரு பக்கமா சாஞ்சிருந்தா ஏணி முறுக்கிக்கும், அலுமினிய ஏணி நம்ம நெனைக்கற அளவுக்கு விறைப்பு கெடையாது. அப்ப இது எனக்குத் தெரியல.

முதல் தோல் உரிஞ்சு விழுந்தப்ப நாங்க ரெண்டு பேரும் சாவ ஆஃப் பண்ணிட்டு சும்மா நின்னோம். தூங்குமூஞ்சியோட உள்கட்டைய பச்சையா பாத்திருக்கீங்களான்னு தெரியல, வைரம் நல்ல சாக்லேட் கலர்ல கருப்புக் கோடு கோடா ஓடும், ரெண்டு ஓரத்துலயும் வெண்ணெய் கலர்ல வெள்ளை. கைய வெச்சா ஜில்லுன்னு ஈரம். அந்த அழகுல மயங்கினதுனால மட்டமெல்லாம் சுத்தமா மறந்து போச்சு.

ரெண்டாவது வெட்டுல இருந்து ஏணி வேண்டாம், மில் நேரா மரத்து மேலயே ஓடும். 3 இன்ச் வெச்சேன், காஞ்சு சுருங்கி இழைச்சு முடிக்கும்போது 2 இன்ச்சுக்கு மேல நிக்கணும்ங்கற கணக்கு. தடிய தலைப்புல கொஞ்சம் தூக்கி சரிவா வெச்சிருந்தோம், மில்லோட எடையே அத இழுத்துட்டுப் போகும், நாம தள்ளிக்கிட்டே இருக்க வேண்டாம், இது ரொம்பப் பெரிய உதவி. ரெண்டு அடி போனதும் பின்னால வெட்டுக்குள்ள ஆப்பு அடிக்கணும், இல்லன்னா மேல இருக்குற பலகையோட எடை அப்படியே பார் மேல உக்காந்து செயினப் புடிச்சுக்கும், நடுப் பலகைன்னா ஒண்ணே 120 கிலோ கிட்ட வரும். ஆப்பசைத்த குரங்குன்னு சொல்றமே அந்தக் கதை நடந்த எடம் இதுதான், பாதி அறுத்த மரத்துல இருக்குற ஆப்பு. தம்பி ஒரு ஆப்ப "லூசா இருக்குண்ணே"ன்னு உருவப் போனப்ப நான் கத்தின கத்து மஃப் போட்டிருந்தும் அவனுக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க அவன நான் குரங்குன்னுதான் கூப்பிட்டேன்.

மூணாவது வெட்டுல ஆணி. செயின்சால மரம் அறுக்கறவங்க எல்லாருக்கும் ஒரு ஆணி எங்கயோ காத்துக்கிட்டு இருக்கும், எப்பவோ யாரோ எதையோ தொங்க விட அடிச்சது, மரம் அத முழுங்கிட்டு மேல வளந்துடும். சின்னதா ஒரு "ணங்", ஒரு பொறி, அப்புறம் சா ஓடுது ஆனா முன்னேறவே மாட்டேங்குது, கரகரன்னு வந்துட்டிருந்த தூள் மாவு மாதிரி ஆகி புகை வாசனை வருது. நிறுத்திட்டு வெளிய எடுத்துப் பாத்தா ஒரு வரிசைப் பல்லு மொத்தமா மழுங்கிப் போச்சு. 36 இன்ச் பார் செயின்ல அம்பதுக்கு மேல பல்லு, ஒவ்வொண்ணா அரம் போட்டு, ஆணி பட்ட பல்லுக்கெல்லாம் பத்து பன்னெண்டு இழு இழுத்து, பல்லு எவ்ளோ ஆழம் கடிக்கணும்னு தீர்மானிக்கற, அதுக்கு முன்னாடி இருக்குற உயரக்கட்டையையும் சரி பண்ணி, ஒன்றரை மணி நேரம். அரம் போடுறப்ப மொன்னையான பல்லு வெளிச்சத்துல மினுக்கும், நல்லா கூரான பல்லுல வெளிச்சம் நிக்காது, ஒவ்வொண்ணையும் சூரியன் பக்கம் திருப்பிப் பாத்து மினுக்கல் மறையற வரைக்கும் இழுக்கணும். ஆணி இல்லன்னாலும் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தடவ அரம் போடணும், சும்மா அமுக்கி அறுத்தா சரியாயிடும்னு நெனைக்கறவன் பார எரிப்பான். ஆணி இருந்த எடத்த சுத்தி மரம் கருநீலமா ஊறிப் போயிருந்துச்சு, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. தலைப்புலயே அந்த மாதிரி ஒரு கறை இருந்தத நான் முன்னாடியே பாத்தேன், ஏதோ பூஞ்சைன்னு விட்டுட்டேன். இப்ப கையடக்கமா ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வெச்சிருக்கேன், ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாடியும் பரப்பு மேல ஒரு தடவ ஓட்டுவேன்.

ரெண்டு நாள்ல ஆறு பலகை. அன்னைக்கே தலைப்புக்கு மெழுகுக் கரைசல் ரெண்டு கோட்டு, அது இல்லன்னா மிச்சம் இருக்குற பெயிண்ட் கூட பரவால்ல, தள்ளிப் போடக் கூடாது. தலைப்பு வழியாத்தான் தண்ணி பல மடங்கு வேகமா வெளிய போகும், அங்க மட்டும் சீக்கிரம் சுருங்கி வெடிப்பு விட்டு உள்ள ஓடும். நடு மையம் வர்ற பலகைக்கு நீங்க என்ன பண்ணினாலும் அது வெடிக்கத்தான் போகுது, அதப் பத்தி நான் கவலைப்படல. வெள்ளைப் பகுதிய வண்டு விடாதுன்னு போரேட் கரைசல் அடிச்சேன்.

அப்புறம் அடுக்கறது. கீழ கட்டை போட்டு, இந்த தடவ ரொம்ப ஒழுங்கா நாலு பக்கமும் ரசமட்டம் வெச்சு, அது மேல முதல் பலகைய எறக்கினோம். ஒரு மூலை தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அமுக்கினா டொக்குன்னு எறங்குது, விட்டா மறுபடியும் தூக்குது.

"அண்ணே, ஒரு கால் ஆடுது."

"தரை எறங்கியிருக்கும், ஒரு சக்கை வெய்யி."

வெச்சான். இப்பவும் அந்த நிமிஷத்த நெனச்சா சிரிப்பு வருது, மரம் நேருக்கு நேரா சொல்லுது, நான் தரையத் திட்டறேன். அடுத்த அடுத்த பலகைக்கு நடுவுல 1 இன்ச் ரீப்பர், ஒன்றரை அடிக்கு ஒண்ணு, எல்லா ரீப்பரும் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோட்டுல. மேல கூரை, பக்கத்துல காத்து, உச்சில கல்லு. டேப் வெச்சு ஒவ்வொரு பலகையையும் பத்து எடத்துல அளந்தேன், எங்க அளந்தாலும் 3 இன்ச், ஒரு எம்எம் முன்னப் பின்ன. ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. ஆறு மாசத்துல பொறுமை போய் மேல் பலகைய எறக்கி எப்படி இருக்குன்னு பாக்க, நேரான ரெண்டு ரீப்பர எடுத்து இந்த முனைல ஒண்ணு அந்த முனைல ஒண்ணு குறுக்க வெச்சுட்டு குனிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணாப் பாத்தேன். முன்னாடி இருக்குற ரீப்பரோட இடது முனை பின்னாடி இருக்கறதோட ஒட்டிக்கிட்டு இருக்கு, வலது முனைல ரெண்டுக்கும் நடுவுல விரல விடலாம். 18 எம்எம். பலகை முறுக்கிக்கிட்டு நிக்குது.

என்னோட முதல் தீர்ப்பு, மரம் சரியில்ல. நார் நேரா ஓடாம சுத்திக்கிட்டு ஓடற முறுக்குநார் இருக்கும், காயும்போது இழுத்திருக்கும். நாலு பேர்கிட்ட அப்படியே சொல்லியும் இருக்கேன். ஆனா தூங்குமூஞ்சி காயும்போது ரொம்பக் கம்மியா சுருங்குற மரம், அகலவாக்குல மொத்தமா முழுசா காஞ்சாலும் 3, 4 சதவீதத்துக்குள்ள, அதனாலதான் அதப் பச்சையாவே கடைஞ்சு கிண்ணம் பண்றாங்க. அது ஆறு மாசத்துல 18 எம்எம் முறுக்குமான்னு ஒரு சந்தேகம் உள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது பலகைய எறக்கினேன், அதுவும் 18. அதே பக்கம். மூணாவது, 17. கடைசியா ஆறாவது, தடியோட அடி வயித்துல இருந்து வந்தது, காஞ்சு முறுக்கியிருந்தா மையத்துக்குப் பக்கத்துப் பலகையும் ஓரத்துப் பலகையும் வேற வேற அளவு முறுக்கியிருக்கணும். அதுவும் அதே பக்கம், அதே அளவு. ரீப்பர எடுத்துட்டு வெட்டின வரிசைல ஒண்ணு மேல ஒண்ணா நேரா வெச்சா ஆறும் முறுக்குக்குள்ள முறுக்கு கச்சிதமா உக்காருது, கத்தி கூட நுழையல.

அப்புறம்தான் புதரு பக்கம் ஞாபகம் வந்துச்சு. ஏணியோட அகலம் 14 இன்ச், அந்த முனைல ஒரு 9 எம்எம் சாஞ்சிருந்திருக்கும், 28 இன்ச் அகலத்துக்கு அது 18 ஆயிடுச்சு. முதல் வெட்டு கோணல், ரெண்டாவது அதக் காப்பி அடிச்சுது, மூணாவது ரெண்டாவத. கனம் எல்லா எடத்துலயும் 3 இன்ச் இருந்ததுக்கும் அதான் காரணம், மேல் மொகமும் கீழ் மொகமும் ஒரே மாதிரி முறுக்கியிருந்தா டேப் எதக் கண்டு புடிக்கும்? தம்பிக்கு ஃபோன் பண்ணி சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "நான் அன்னைக்கே கேட்டேனேண்ணே, யாரு இப்ப குரங்கு?"ன்னான்.

சரி பண்ண முடியுமான்னா முடியும், கனத்த விட்டுக் கொடுக்கணும். ரெண்டு பக்கமும் ரெயில் போட்டு அது மேல ரௌட்டர்ங்கற மரம் செதுக்குற மெஷின ஓட்டி மொகத்த தட்டையாக்கறதுதான் வழக்கம், 18 எம்எம் முறுக்க எடுக்க மேலயும் கீழயும் சேத்து கனத்துல 9 எம்எம் போகும். 3 இன்ச்ல அது போனா பரவால்லன்னு தோணும், ஆனா காஞ்சு சுருங்கறதுக்கும் வளைவுக்கும் ஒதுக்கி வெச்ச கனமும் அதேதான், ரெண்டையும் கழிச்சா 2 இன்ச் நிக்கறதே இழுபறி. இதுல ஒரு குறுக்கு வழி இருக்கு, முறுக்குங்கறது நீளம் முழுக்க பரவியிருக்குற விஷயம், 8 அடி பலகைய நடுவுல வெட்டினா ஒவ்வொரு 4 அடித் துண்டுலயும் பாதி முறுக்குதான் இருக்கும். 18 இருந்தது 9 ஆயிடும், இழைக்கறதும் பாதியாயிடும். நடு மையம் வெடிச்ச பலகைய அப்படித்தான் ரெண்டா வெட்டினேன், வெடிப்புக்குக் குறுக்க வண்ணத்துப்பூச்சி வடிவத்துல கட்டை பதிச்சு ரெண்டு டீப்பாய் ஆச்சு, பாத்தவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஒண்ணு தம்பி எடுத்துட்டுப் போயிட்டான், கேக்காமயே.

மீதி அஞ்சும் இன்னும் அடுக்குலதான். அதுல ஒரு பலகையோட ஓரத்துல இருந்து வெட்டின ஒரு துண்டுக்கும் தலைப்பு மெழுகு பூசி அடுக்குக்குள்ளயே வெச்சிருக்கேன், மாசம் ஒரு தடவ எடை போடுறேன், எடை கொறையறது எப்ப நிக்குதோ அப்ப மரம் சுத்தி இருக்குற காத்தோட சமமாயிடுச்சுன்னு அர்த்தம். ஆரம்பத்துல 4.2 கிலோ, இப்ப 2.9. போன மாசம் 20 கிராம் கொறைஞ்சுது.

புதுசா ஒரு வேம்புத் தடி வந்திருக்கு, 24 இன்ச். போன வாரம் ஏணி மாட்டினோம். நான் புதரு இல்லாத பக்கமா தடியத் திருப்பிப் போட்டேன், அதுக்கே கடப்பாரையோட அரை நாள் போச்சு. ரெண்டு முனைலயும் ரசமட்டம் வெச்சு, அதுக்கு மேல ரெண்டு ரீப்பரையும் வெச்சு நான் குனிஞ்சு பாத்துட்டு எந்திரிச்சேன். அப்புறம் தம்பி வந்து, என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அவனும் ஒரு கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தான்.